தலைவர் பேசினால் அம்மன் சிவக்கிறாள்

புதிதாக லைட் கட்டும் தொழிலுக்கு வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே,

எந்த ஒயரை எதில் மாட்டுவது என்று நான் இங்கே சொல்லப் போவதில்லை. அதையெல்லாம் ஃபோனில் ஒரு பையன் பாட்டுப் போட்டுக்கொண்டே சொல்லித் தருகிறான். அவன் சொல்வது சரியாகவும் இருக்கிறது, அதுதான் எனக்கு எரிச்சல். ஆனால் அவன் வேலை பார்ப்பது மேசை மேல். மேசையைச் சுற்றி ஊர் நிற்பதில்லை, பம்பை அடிப்பதில்லை, "ஏம்பா லைட்டு, அந்தப் பச்ச ஒயர இந்தப் பக்கம் மாத்திப் பாரேன்" என்று துண்டை உதறிக்கொண்டு யாரும் யோசனை சொல்ல வருவதில்லை. நமக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. குட்டி விளக்குகளால் சாமி உருவம் காட்டும் நம் பிக்ஸல் போர்டு கெட்டுப்போவது எப்போதும் ஊரே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில்தான். பகலில் சும்மா சோதித்துப் பார்க்கும்போது அது கெட்டதாக நான் பார்த்ததே இல்லை.

மாரண்டஹள்ளியில் கடை வைத்து, சீரியல் பல்பில் ஆரம்பித்து, பிக்ஸல் வரைக்கும் வந்து, முழங்கால் ஏணியைப் பார்த்தாலே முனக ஆரம்பித்த பிறகு ஓய்ந்தவன் நான். எனக்குப் பொறுமை குறைவு. என்னோடு வேலை பார்த்தவர்களைக் கேட்டால் இதையே இன்னும் கொஞ்சம் கெட்ட வார்த்தையில் சொல்வார்கள். அப்படிப்பட்ட நானே வாயை மூடிக்கொண்டு நின்றதால் பிழைத்த ஒரு திருவிழாவைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

அதற்கு முன்னால் இரண்டு விஷயம். முதலாவது உங்களுக்கே தெரியும், இருந்தாலும் வேறு யாராவது படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். ஒவ்வொரு பிக்ஸல் குண்டுக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று விளக்குகள் இருக்கின்றன. மூன்றும் சேர்ந்து எரிந்தால் வெள்ளை. கரண்ட் போதாமல் போனால் மூன்றும் சமமாக மங்குவதில்லை. முதலில் நீலம் படுத்துக்கொள்ளும், அடுத்து பச்சை. சிவப்பு மட்டும் கடைசிவரைக்கும் தாக்குப்பிடிக்கும். அதனால் பவர் சப்ளையை விட்டுத் தூரத்தில் இருக்கும் வெள்ளை முதலில் மஞ்சளாகும், பிறகு காவியாகும், பிறகு சிவக்கும். போர்டில் குண்டுகள் மாறி மாறி எரிந்து ஆடும்போது இது தெரியாது. எல்லாம் ஒரே நேரத்தில் எரிந்தால்தான் குட்டு வெளிப்படும்.

இரண்டாவது, எங்கள் பக்கத்து வழக்கம். மேடையில் பெரிய மனுஷர் மைக்கைப் பிடித்தால் லைட் ஆடக் கூடாது. ஆட்டத்தை நிறுத்தி, முழுப் படத்தையும் முழு வெளிச்சத்தில் அசையாமல் நிறுத்த வேண்டும். முன்பு ஒரு ஊரில் பேச்சாளர் ஒருவர் பாதியில் நிறுத்தி, "நான் பேசறதா, அது ஆடறதா, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து எங்கள் கடையில் அது சட்டம். யாருக்கு நிறுத்துவது, யாருக்கு ஆடவிடுவது என்பதெல்லாம் லைட்டை ஆட்டிவைக்கும் கன்ட்ரோலர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் விவரத்தைப் பொறுத்தது. எங்கள் கடையில் அந்த இடத்தில் உட்கார்ந்தவர் கோவிந்தன். என் கூட்டாளி, என் வயதுக்காரர். மரியாதை விஷயத்தில் படு கறார், சாமி விஷயத்தில் அதைவிடக் கறார்.

இனி கதை. மாரண்டஹள்ளியிலிருந்து கொஞ்சம் உள்ளே போனால் ஒரு ஏரி. ஏரிக்கு மேலே ஒரு ஊர், கீழே ஒரு ஊர். பெயர் வேண்டாம், இரண்டு ஊரிலும் எனக்குச் சாப்பாடு போட்டிருக்கிறார்கள். மேல் ஊரில் தமிழ், கீழ் ஊரில் வீட்டுக்குள் கன்னடம். இரண்டுக்கும் பொதுவாக மேல் ஊரில் ஒரு மாரியம்மன் கோயில். சப்பரம் முதலில் எந்த ஊருக்குள் நுழைவது என்று ஒரு வருஷம் சண்டை வந்தது. அந்தச் சண்டை திருவிழாவை நிறுத்தியது. அதோடு விடாமல், ஒரு ஊர்க்காரர் இன்னொரு ஊருக்குள் கால் வைப்பதையும் நிறுத்திவிட்டது. கல்யாணம், காதுகுத்து எதற்கும் போக்குவரத்து கிடையாது.

மேல் ஊரின் விழாக் குழுத் தலைவர் மாதப்பன். தக்காளி லோடு ஏற்றி அனுப்புகிறவர். நல்ல மனுஷர், தன் போட்டோவைப் பெரிதாகப் பார்ப்பதில் மட்டும் கொஞ்சம் ஆசை. அவர் மனைவி நாகம்மா, சண்டைக்கு முன்பே கட்டிவந்த கீழ் ஊர்ப் பெண். ஏரிக்கரையில் நின்றால் நாகம்மாவின் அம்மா வீட்டு ஓடு தெரியும், ஆனால் போக முடியாது. அம்மாவும் மகளும் பார்த்துக்கொள்வது சந்தையில்தான். தக்காளிக் கூடைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவராக நின்று, விலை பேசுகிற மாதிரி பேசிக்கொள்வார்களாம். தெரிந்த முகம் வந்தால் ஆளுக்கொரு திசையில் பார்க்க வேண்டும்.

மாதப்பன் இரண்டு ஊர்ப் பெரியவர்களையும் சந்தையிலேயே மடக்கி மடக்கிப் பேசி ஒரு ஏற்பாட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். இந்த வருஷம் பொதுத் திருவிழா. சப்பரம் முதலில் கீழ் ஊருக்குப் போகும், அடுத்த வருஷம் மேல் ஊருக்கு, அப்படியே மாறி மாறி. இரண்டாம் நாள் பொழுது சாயும் நேரத்தில் மேடையில் இரண்டு ஊர்ப் பெரியவர்களும் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டால் பேச்சு உறுதி. மாற்றாவிட்டால் பழையபடி ஏரிக்கரைதான் எல்லை.

வேலை பேச வந்தபோது நான் கேட்டேன். "எதுக்குங்க உங்களுக்கு இந்தத் தலவலி? ரெண்டு பக்கமும் திட்டு வாங்குவீங்க."

"வூட்ல அவங்க அம்மாவப் பாக்கணுமில்லீங்க. சந்தையில வச்சே எத்தன நாளைக்குப் பாக்கறது?" என்றார். அந்த இடத்திலேயே எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

கோயிலுக்கு முன்னால் சவுக்குக் கம்பில் சாரம் கட்டி, தென்னை மர உயரத்துக்கு அம்மன் போர்டை நிறுத்தினோம். பவர் சப்ளைப் பெட்டிகள் எல்லாம் கீழே. அம்மன் முகம் உச்சியில் இருந்ததால், அதற்கென்று உச்சியில் தனியாக ஒரு பெட்டி வைத்து, அதற்குக் கீழிருந்து ஒரு கறுப்பு ஒயர் கொண்டுபோயிருந்தோம். முழு வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்தோம். பால் மாதிரி வெள்ளை. திருப்தியாகச் சாப்பிடப் போனோம்.

திரும்பி வந்து பார்த்தால் சாரத்தின் வலது பக்கம், நாங்கள் ஏறி இறங்கும் வழியை அடைத்துக்கொண்டு, ஒரு ஃப்ளெக்ஸ் முளைத்திருந்தது. மாதப்பன் கைகூப்பிக்கொண்டு நின்றார். மீசை மட்டும் என் கை நீளம் இருந்தது. அவர் காலடியில் விழாக் குழுவினரின் தலைகள் சின்னச் சின்ன வட்டத்துக்குள் வரிசையாக இருந்தன. கடைசி வட்டம் வேடியப்பன். மாதப்பனுக்குப் பங்காளி. கீழ் ஊரோடு சமாதானமே கூடாது என்று ஆரம்பத்திலிருந்து முறுக்கிக்கொண்டு நின்றவர். அவர் தலையை ஸ்டாம்பு அளவுக்குச் சுருக்கியிருந்தார்கள், அதிலும் கண்ணை மூடியிருந்த போட்டோவாகப் பார்த்துப் போட்டிருந்தார்கள். நம் தொழிலில் கரண்ட்டைவிட ஆபத்தானது ஃப்ளெக்ஸ் என்று எனக்கு அன்றே தெரிந்திருக்க வேண்டும்.

முதல் நாள் சாயங்காலம் வேடியப்பன் வரவேற்றுப் பேசினார். கோவிந்தன் லைட்டை ஆடவிட்டார். அடுத்து மாதப்பன் எழுந்தார். கோவிந்தன் முறைப்படி ஆட்டத்தை நிறுத்தி, முழு வெளிச்சத்தில் அம்மனை நிறுத்தினார்.

முகம் லேசாக மஞ்சளடித்தது. மஞ்சள் பூசிய முகம், நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்தேன். மாதப்பன் ஒற்றுமையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். முகம் காவியானது. உச்சிப் பெட்டிக்குக் கரண்ட் போகவில்லை என்று எனக்குப் புரிந்துவிட்டது. கீழிருந்து குண்டுகளுக்கு இடையில் ஓடும் மெல்லிய ஒயர் வழியாகவே முகம் வரைக்கும் கரண்ட் போக வேண்டியிருந்தது. சூடு ஏற ஏற அந்த ஒயர் இன்னும் முரண்டு பிடிக்கும். அதனால் மாதப்பன் எவ்வளவு நேரம் பேசினாரோ அவ்வளவுக்கு அம்மன் சிவந்தாள். "ரெண்டு ஊரும் இனி ஒரே ஊரு" என்று அவர் குரலை உயர்த்தியபோது முகம் பழுத்த தக்காளி நிறத்தில் இருந்தது.

"ஏ ஆத்தா, மொகத்தப் பாரு" என்றாள் முன்வரிசையில் ஒருத்தி. கூட்டம் முழுக்க மேலே பார்த்தது. மாதப்பன் தன் பேச்சைத்தான் இவ்வளவு கவனமாகக் கேட்கிறார்கள் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் பேசினார்.

கோவிந்தன் கன்ட்ரோலர் மேல் பாய்ந்தார். வெளிச்சத்தைக் குறைத்தார். "அய்யோ, மொகம் வாடிப்போச்சே" என்று குரல் வந்தது. பதறிப்போய் மொத்தமாக அணைத்தார். கூட்டம் ஓவென்று அலறியது, இரண்டு பேருக்குச் சாமி வந்துவிட்டது. மறுபடி போட்டார். பழைய சிவப்பு. நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து, "தொடாதய்யா, ஒண்ணையும் தொடாத" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். மாதப்பன் ஒரு வழியாகப் பேசி முடித்து உட்கார்ந்தார். ஆட்டத்தை ஓடவிட்டோம். அம்மன் ஒன்றும் நடக்காத மாதிரி வெள்ளையாகச் சிரித்தாள். அதுதான் இன்னும் மோசமாகப் போய்விட்டது.

இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். கூட்டத்துக்கு முன்னால் வைத்துச் சோதனை செய்யாதீர்கள். கடையில் நீங்கள் ஒரு சுவிட்சைத் தட்டினால் அது சுவிட்ச். ஊர் நடுவில் தட்டினால் ஊர் அதற்கு ஒரு அர்த்தம் சொல்லும், அந்த அர்த்தத்தை எந்த மீட்டர் வைத்தும் திருத்த முடியாது. கெட்டது ஒரே மாதிரி கெட்டுக்கொண்டிருந்தால் அப்படியே விட்டுவிட்டுக் கூட்டம் கலையும்வரை காத்திருங்கள்.

மறுநாள் காலையில் டீக்கடையில் விஷயம் முடிவாகியிருந்தது. தலைவர் பேசினால் அம்மன் சிவக்கிறாள். மற்றவர்கள் பேசினால் இல்லை. எங்கள் கோவிந்தனும் டீ டம்ளரைப் பிடித்துக்கொண்டு அதையே சொன்னார்.

"ஏய்யா, உனக்குமா? மேல் பெட்டிக்குக் கரண்ட் போகல, அவ்வளவுதான்" என்றேன்.

"தெரியும். ஆனா அவர் பேசறப்ப மட்டும் ஏன்?"

"நீதானய்யா அவருக்கு மட்டும் ஆட்டத்த நிறுத்தின."

கோவிந்தன் டீயை ஒரு வாய் குடித்தார். "என்ன நிறுத்த வச்சது யாரு?" என்று கேட்டார். அம்மன் கோபம் தெளியும்வரை சாரத்தில் ஏற மாட்டேன் என்றும் சொல்லிவிட்டார்.

நான் சாரத்தைச் சுற்றி வந்து பார்த்தேன். கோளாறு பளிச்சென்று தெரிந்தது. ஃப்ளெக்ஸ் கட்ட வந்தவர்களுக்குக் கயிறு போதவில்லை. நல்ல கெட்டியான ஒயராக இருக்கிறதே என்று எங்கள் கறுப்பு ஒயரைக் கீழிருந்து பிடுங்கி, மாதப்பனின் தோள்பட்டைக்கு மேலே இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கியிருந்தார்கள். அதை அவிழ்த்தால் ஃப்ளெக்ஸ் விழும். வேறு ஒயர் கொண்டுபோகலாம் என்றால், ஃப்ளெக்ஸ் அடைத்திருந்ததால் யாரும் ஏற முடியாது. எப்படிப் பார்த்தாலும் தலைவர் இறங்கினால்தான் நாங்கள் ஏற முடியும்.

மத்தியானம் மாதப்பன் வீட்டுக்குப் போனேன். விழாக் குழு மொத்தமும் அங்கே உட்கார்ந்திருந்தது. உள்ளே நாகம்மா ஒரு தாம்பாளத்தில் பழம், பூ, அவர் அம்மாவுக்கு எடுத்த புதுச் சேலை எல்லாம் அடுக்கி வைத்திருந்தார். சப்பரத்துக்குப் பின்னாலேயே அம்மா வீட்டுக்கு நடந்து போவதாக ஏற்பாடு. அடுக்கிய தாம்பாளத்தை என்ன செய்வது என்று தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மாரியம்மா உத்தரவு கெடைக்கல. வெத்தல பாக்கு மாத்தறது இந்த வருஷம் வேணாம்" என்று வேடியப்பன் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அது ஒயர் கோளாறுங்க" என்றேன்.

"ஒயர் கோளாறு. சரி. அப்ப நான் பேசறப்ப ஏம்பா செவக்கல?"

உண்மையான பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. நீங்கள் பேசும்போது நாங்கள் ஆட்டத்தை நிறுத்தவில்லை, அதனால் சிவக்கவில்லை. அதாவது உங்களை நாங்கள் பெரிய மனுஷராகக் கணக்கில் எடுக்கவில்லை. ஏற்கனவே ஸ்டாம்பு அளவில் கண்ணை மூடிக்கொண்டிருப்பவரிடம் போய் இதை எப்படிச் சொல்வது? சொன்னால் அம்மன் கோபம் தீரும், வேடியப்பன் கோபம் ஏழு தலைமுறைக்கும் தீராது. ஆயுசில் முதல்முறையாகப் பதிலை விழுங்கினேன். அது விழுங்குவதற்கு அவ்வளவு சுலபமாக இல்லை.

என் மௌனத்தைப் பார்த்துவிட்டு எல்லாரும் தலையாட்டினார்கள். கீழ் ஊர்க்காரர்கள் வருவதற்கு முன்னால் வேடியப்பனே மைக்கில் சொல்லிவிடுவது என்று முடிவானது. மாதப்பனும் அதற்குத் தலையாட்டிவிட்டார்.

தனியாகக் கூட்டிப்போய், ஃப்ளெக்ஸை இறக்கினால் போதும் என்று அவரிடம் சொன்னேன். "வேற வழி இருந்தா பாருங்களேன். பசங்க ஆசப்பட்டு வச்சது" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நெசமாவே ஒயர்தானுங்களா? எனக்கே பயமா இருக்குது. நான் என்ன தப்புப் பண்ணேன்னு ராத்திரியெல்லாம் யோசிச்சேன்" என்றார். கண் கலங்கியிருந்தது. என்னால் அதற்கு மேல் அவரைத் திட்ட முடியவில்லை.

வாசலைத் தாண்டும்போது நாகம்மா பின்னாலேயே வந்தார். "அண்ணா, ஒயருதான்னு உங்களுக்கு நல்லாத் தெரியுமா?"

"தெரியும்மா. ஃப்ளெக்ஸ் எறங்கினா பத்து நிமிஷ வேல."

அவர் திரும்பி உள்ளே போய்விட்டார்.

பொழுது சாய ஆரம்பித்தது. ஏரிக்கரை மேல் கீழ் ஊர்க்காரர்களின் பம்பைச் சத்தம் வந்துகொண்டிருந்தது. அவர்கள் வந்து சேருமுன் சொல்லிவிட வேண்டும் என்று வேடியப்பன் அவசரமாக மேடையேறி மைக்கைப் பிடித்தார். கோவிந்தன் வழக்கம்போல லைட்டை ஆடவிட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார்.

நான் அவர் காதருகே குனிந்தேன். "நிறுத்து. முழு வெளிச்சம்."

"அவருக்கா?"

"அவருக்கு என்ன கொறச்சல்? அவரும் பெரிய மனுஷர்தான்."

கோவிந்தன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு நிறுத்தினார். தம்பிகளே, நான் பொய் சொல்லவில்லை, ஏமாற்றவில்லை. முதல் நாளே அவருக்குச் சேர வேண்டியிருந்த மரியாதையைக் கொஞ்சம் தாமதமாகக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

"நேத்து நீங்க எல்லாரும் பாத்தீங்க" என்று வேடியப்பன் ஆரம்பித்தார். "அம்மா மனசுல என்ன இருக்குதுன்னு நமக்குக் காட்டிட்டா. யாரு பேசறது அவளுக்குப் புடிக்கலன்னு தெளிவாக் காட்டிட்டா."

அவர் தலைக்கு மேலே மஞ்சள் காவியாகிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் ஒருவர் பக்கத்தில் இருப்பவரை முழங்கையால் இடித்தார். பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கூட்டம் தன் பேச்சில் உருகிவிட்டதாக நினைத்து வேடியப்பன் இன்னும் நீட்டினார். "பொய் பேசறவங்கள அம்மா சும்மா வுடமாட்டா" என்று அவர் சொன்ன இடத்தில் முகம் நேற்றைவிட ஒரு படி கூடவே சிவந்துவிட்டது. யாரோ ஒரு கிழவர் முன்னால் வந்து, கையால் மேலே காட்டினார். வேடியப்பன் திரும்பிப் பார்த்தார்.

மேலே பார்த்தபடியே ஒரு எட்டு பின்னால் நகர்ந்தார். பிறகு, அதே மைக்கில், ஊருக்கெல்லாம் கேட்கும்படி, "லைட்டுக்காரரே, இது ஒயர் கோளாறுதானுங்களே?" என்றார். அதுவரை அவர் என்னை 'ங்க' போட்டுப் பேசியதே இல்லை.

"ஆமாங்க."

"ஒயர் கோளாறுதாம்பா. நான் காத்தாலயே நெனச்சேன். இதப் போயி சாமி கோவம் அது இதுன்னு" என்று கூட்டத்தைப் பார்த்துக் கடிந்துகொண்டார். அடுத்தவர் தலைக்கு மேலே சிவந்தால் தெய்வம், தன் தலைக்கு மேலே சிவந்தால் ஒயர். இது அவருக்கு மட்டும் உள்ள குணமில்லை, நமக்கும் உண்டு. கஸ்டமர் போர்டில் கோளாறு என்றால் அவர்கள் வீட்டு வயரிங் சரியில்லை என்றுதானே முதலில் சொல்கிறோம்?

"என்ன பண்ணணும், சொல்லுங்க, நானே கூட நிக்கறேன்" என்று மேடையை விட்டு இறங்கி வந்தார். ஃப்ளெக்ஸை இறக்க வேண்டும் என்றேன். வேடியப்பன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் எந்த போர்டிலும் கொண்டுவந்ததில்லை. "எறக்குங்கப்பா" என்றார்.

இப்போது மாதப்பன் முரண்டு பிடித்தார். பங்காளி சொல்லித் தன் படத்தை இறக்குவதா? ஊர் பார்க்க இறங்கினால் அது அவமானமில்லையா? இன்றைக்கு ஒரு நாள் போகட்டும், நாளைக்கு இறக்கிக்கொள்ளலாம். இப்படி அவர் இழுத்துக்கொண்டிருக்கும்போதே பம்பைச் சத்தம் ஏரிக்கரையை விட்டு இறங்கி ஊர் எல்லைக்கு வந்துவிட்டது. அவர்கள் உள்ளே வந்து அம்மனைச் சிவந்த முகத்தோடு பார்த்தால் திரும்பிப் போய்விடுவார்கள். எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. இது நான் கத்தித் தீரும் விஷயமில்லை என்றும் தெரிந்தது.

நாகம்மா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். ஒரு கையில் தாம்பாளம், ஒரு கையில் கொடுவாள். தாம்பாளத்தை வேடியப்பன் கையில் கொடுத்தார். அவர் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார்.

"நாகு, ஊரு பாக்குது" என்றார் மாதப்பன்.

"சும்னிரி" என்றார் நாகம்மா, சும்மா இருங்கள் என்று. கோபம் வந்தால் அவருக்குக் கன்னடம்தான் முதலில் வரும். பிறகு தமிழுக்கு வந்தார். "இத்தன வருசமா உங்க மூஞ்சியவே பாத்துட்டு இருக்கறேன். இன்னிக்கு ஒரு நாளு எங்கம்மா மூஞ்சியப் பாத்துக்கறேன்."

கீழ்க் கயிறு இரண்டையும் வெட்டினார். ஃப்ளெக்ஸ் காற்றில் மேலே எழும்பி விலகியது. அந்த இடைவெளியில் கோவிந்தன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விறுவிறுவென்று ஏறினார். "இப்ப ஏறலாமாய்யா?" என்று கீழிருந்து கேட்டேன். "இப்ப உத்தரவு வந்துருச்சு" என்றார் மேலிருந்து. கறுப்பு ஒயரை அவர் அவிழ்த்ததும் மாதப்பன் முதலில் இடுப்போடு மடிந்தார், பிறகு மொத்தமாகச் சரிந்து சேற்றில் விழுந்தார். நிஜ மாதப்பன் அதைப் பார்க்க மாட்டாமல் கோயில் பக்கம் திரும்பி நின்றார்.

ஒயரைக் கீழே இழுத்து, மாட்டி, மீட்டர் வைத்துப் பார்த்தேன். கீழ் ஊர்க்காரர்கள் உள்ளே வந்தபோது அம்மன் ஆடிக்கொண்டிருந்தாள். மாதப்பனை மேடைக்குத் தள்ளினோம். கூட்டத்தைப் பார்ப்பதற்குப் பதிலாகத் தலையைத் திருப்பி மேலேயே பார்த்துக்கொண்டு பேசினார். கோவிந்தன் ஆட்டத்தை நிறுத்தினார். முழு வெளிச்சம். வெள்ளை. மாதப்பன் ஒற்றுமை என்றார். வெள்ளை. ஒரே ஊர் என்றார். வெள்ளை. அதன் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. நேற்றுப் பேசியதையும் சேர்த்துப் பேசினார். கடைசியில் கீழ் ஊர்ப் பெரியவர்தான் வெற்றிலைத் தட்டை அவர் கையில் திணித்துப் பேச்சை முடித்து வைத்தார். மாற்றிக்கொண்டார்கள்.

"ஃப்ளெக்ஸ எறக்கினதும் அம்மா மனசு குளுந்துட்டா பாரு" என்று என் பின்னால் ஒரு பெண் சொல்வது கேட்டது. நான் திருத்தவில்லை. யோசித்துப் பார்த்தால் அது அவ்வளவு தப்பும் இல்லை. அந்த ஊரில் கோயில் பக்கம் இன்றுவரைக்கும் யாரும் ஃப்ளெக்ஸ் வைப்பதில்லை என்று கேள்வி. நீங்களும் எங்காவது ஊர் தானாக ஒரு நல்ல முடிவுக்கு வந்து நின்றால், மீட்டரைத் தூக்கிக்கொண்டு போய் விளக்கம் சொல்லாதீர்கள். ஒயர் சரியாகிவிட்டதா, பெட்டியைக் கட்டுங்கள்.

சப்பரம் கிளம்பியது. அதில் கட்டிய லைட்டுக்கு டிராக்டரில் ஜெனரேட்டர் வந்தது. ஒயர் எங்கும் சிக்காமல் இருக்க, மிச்சச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு நான் பக்கத்திலேயே நடந்தேன். ஏரிக்கரை ஏறி, இறங்கி, கீழ் ஊருக்குள் நுழைந்தோம். நாகம்மா தாம்பாளத்தோடு எனக்கு இரண்டு எட்டு முன்னால் போனார். தெருத் திரும்பியதும் அவர் நடை மாறியது. சப்பரத்தை முந்திக்கொண்டு போக ஆரம்பித்தார், யாரும் தடுக்கவில்லை.

ஓட்டு வீட்டு வாசலில் அவர் அம்மா ஆரத்தித் தட்டோடு நின்றிருந்தார். சின்ன உருவம். சப்பர வெளிச்சம் கண்ணில் அடித்ததால் நெற்றியில் கை வைத்து, யார் வருகிறார்கள் என்று உற்றுப் பார்த்தார். நாகம்மா எதிரில் போய் நின்றார். சந்தையில் பேசிப் பழகிய பழக்கமோ என்னவோ, இரண்டு பேரும் முதலில் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டார்கள்.

"யாக்கே இஷ்டு ஹொத்து?" என்று கேட்டார் அந்த அம்மா. ஏன் இவ்வளவு நேரம் என்று அர்த்தம். காலையில் கடைக்கு அனுப்பிய மகள் தாமதமாக வந்தால் கேட்பது போல.

"ஒயர் கோளாறு, அவ்வா" என்றார் நாகம்மா.

அந்த அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு மகளின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். என்னால் அதற்கு மேல் பார்க்க முடியவில்லை. ஒயர் எங்கேயோ சிக்கிக்கொண்ட மாதிரி பின்பக்கம் திரும்பிக்கொண்டேன்.